கையேட்டின்படி தொண்ணூறு

விழுப்புரம் சாலையில் ரெட்டியார்பாளையம் தாண்டினால் இடது பக்கம் பெரிய வளைவு ஒன்று தெரியும். ராஜகம்பீரா பொறியியல் மற்றும் தொழில்நுட்பக் கல்லூரி என்று அதில் பொன்னெழுத்தில் எழுதியிருக்கும். வளைவுக்குப் பின்னால் கல்லூரியும் இருக்கிறது.

அங்கே கணினித் துறையில் அறுபத்து நான்கு கணினிகள் உண்டு. அவற்றைவிட மேலான பொருள் ரெக்கார்டு நோட்டு. ரெக்கார்டு என்றால் என்னவென்று தெரியாத பாக்கியசாலிகளுக்காகச் சொல்கிறேன். கணினிக்கு நிரல் எழுதக் கற்கும் பிள்ளைகள் அந்த நிரலைக் கோடு போட்ட வலப்பக்கத்தில் நீல மையால் கையெழுத்தாக எழுத வேண்டும். அது ஓடினால் என்ன விடை வரும் என்பதைக் கோடு போடாத இடப்பக்கத்தில் பென்சிலால் எழுத வேண்டும். பென்சில் கூராக இருக்க வேண்டும். ஆசிரியர் சிவப்பு மையில் கையெழுத்துப் போடுவார், துறைத்தலைவர் பச்சை மையில் போடுவார். இதெல்லாம் ஆன பிறகுதான் கணினியைத் தொடலாம். அதாவது விடை முதலில் வந்துவிடும், நிரல் அப்புறம் ஓடும். ஓடுவதற்கு முன்னால் விடை எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கலாம். கையேட்டிலிருந்து வந்தது.

கையேட்டை எழுதியவர் துறைத்தலைவர் முனைவர் புருஷோத்தமன். பதினைந்து வருடங்களுக்கு முன்னால் எழுதினார். அதன் பிறகு உலகத்தில் என்னென்னவோ மாறியது, கையேடு மாறவில்லை. மாறாதது தரத்தின் அடையாளம் என்று அவர் முன்னுரையிலேயே எழுதி வைத்துவிட்டார். ஆய்வகச் சுவரில் பத்து விதிகள் ஒட்டியிருக்கும். ஒன்று, செருப்பை வெளியே விடவும். நான்கு, கையேட்டில் உள்ள விடையும் கணினி தரும் விடையும் வேறுபட்டால் கணினியை ஒருமுறை அணைத்துப் போடவும்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் வைத்திக்குப்பத்து அன்புசெல்வி வந்து சேர்ந்தாள். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு, சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் இரண்டு வருடம் நின்றபடியே சார்ஜர்களுக்கு மூடி பொருத்தியவள். எட்டு மணி நேரத்துக்கு ஆயிரத்து இருநூறு மூடி. கண்ணை மூடினாலும் மூடிதான் தெரியும். அந்த வேலையை விட்டுவிட்டுத்தான் நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தாள். அவளுடைய அம்மா வரலட்சுமி பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவள்.

இப்படி இடையில் வந்து சேரும் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் தனியாக ஒரு சுற்றறிக்கை உண்டு. ஆப்ஜெக்ட் என்ற நிரல் பாடத்தின் ஆய்வகத் தேர்வில் முதல் தடவையே தேறிவிட வேண்டும், இல்லாவிட்டால் இடம் ரத்து. இது பல்கலைக்கழகத்தின் விதியா, கல்லூரியின் விதியா, புருஷோத்தமனின் விதியா என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. அன்புசெல்விக்குத் தெரிந்ததெல்லாம், தேறாவிட்டால் மறுபடி மூடி பொருத்தப் போக வேண்டும் என்பது மட்டும்தான்.

வினை ஏழாம் பயிற்சியில் ஆரம்பித்தது. பயிற்சி சின்னதுதான், நான்கே வரி. முதல் வரியில் ஒரு மாணவரைப் புதிதாக உண்டாக்கி அதற்கு அ என்று பெயர் வைத்து, மதிப்பெண் தொண்ணூறு என்று குறிக்க வேண்டும். இரண்டாம் வரியில் ஆ என்று இன்னொரு பெயரை எழுதி, சமக்குறி போட்டு, பக்கத்தில் அ என்று எழுத வேண்டும். மூன்றாம் வரியில் ஆ-வின் மதிப்பெண்ணைச் சைபர் ஆக்க வேண்டும். நான்காம் வரியில் அ-வின் மதிப்பெண் என்ன என்று கேட்க வேண்டும். ஆ என்பது அ-வின் தனிப்பிரதி, ஆகவே அ-வுக்கு ஒன்றும் ஆகாது, விடை தொண்ணூறு என்கிறது கையேடு. அன்புசெல்வி பென்சிலைச் சீவித் தொண்ணூறு என்று எழுதி, இரண்டு கையெழுத்தும் வாங்கிவிட்டு நிரலை ஓட்டினாள். சைபர் என்று வந்தது.

விதி நான்கின்படி அணைத்துப் போட்டாள். மறுபடியும் சைபர். பக்கத்துக் கணினியில் போட்டாள். அதுவும் சைபர் என்றது. ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவர் கவிநிலா என்ற ஒப்பந்த விரிவுரையாளர். கையை உயர்த்தி அவரைக் கூப்பிட்டாள்.

"மேடம், சைபர் வருது."

"ரெக்கார்டுல என்ன எழுதின?"

"தொண்ணூறு."

"அப்ப சரியாத்தான எழுதியிருக்க. உக்காரு."

"வரலியே மேடம்."

"வர்றது வேற, எழுதறது வேற," என்றார் கவிநிலா. சொல்லிவிட்டு, யாராவது கேட்டார்களா என்று கதவுப்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அன்புசெல்வி இதை அம்மாவிடம் சொன்னாள். வரலட்சுமி அன்னக்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அ, ஆ, சமக்குறி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"நீயும் நானும் ஒரே கூடைய ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சிருக்கோம்," என்றாள். "நீ ஒரு சங்கராவ எடுத்துட்டா என் பக்கத்துல மட்டும் அது இருக்குமா? கூடை ஒண்ணுதான? இத்தக் கூடவாடி ரெக்கார்டுல எழுதறீங்க."

முனைவர் பட்டத்துக்கு எட்டாத விஷயம் கூடை கழுவும்போது விளங்கிவிட்டது. ஆனால் வரலட்சுமியின் கையெழுத்துப் பச்சை மையில் இல்லை. அதனால் செல்லாது.

இது இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதவே வேண்டியதில்லை. தப்பான விடையை எழுதித் தேறியவர்களால்தான் நாடு நடக்கிறது, அதற்கெல்லாம் கதை எழுதினால் தாள் போதாது. ஆனால் புருஷோத்தமன் கையேடு எழுதியதோடு நின்றிருக்கவில்லை. கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கல்லூரிக்கு ஒரு மென்பொருளும் எழுதிக் கொடுத்திருந்தார். அதற்கு மகாமேரு என்று பெயர். யார் வந்தார், யார் வரவில்லை, யார் நூலகத்தில் என்ன எடுத்தார், யார் எத்தனை மதிப்பெண், யார் இருக்கிறார், யார் போய்விட்டார் எல்லாம் மகாமேருவுக்குள் இருக்கும். வாசலில் விரலை வைத்தால் அதுதான் கதவைத் திறக்கும்.

ஒரு மாணவரைப் புதிதாகப் பதிய மகாமேருவில் நாற்பத்து நான்கு கட்டங்களை நிரப்ப வேண்டும். அலுவலகத்தில் அதைச் செய்கிறவர் சுலோசனா அம்மாள். நாற்பத்து நான்கு கட்டம் என்பது மனிதர்கள் செய்யக்கூடிய காரியமில்லை என்று அவர் முதல் வருடமே முறையிட்டார். புருஷோத்தமன் இரக்கப்பட்டுத் திரையில் 'பிரதி' என்று ஒரு பொத்தானை வைத்துக் கொடுத்தார். ஏற்கனவே இருக்கும் ஒரு மாணவரைத் திறந்து, பொத்தானை அழுத்தி, புதுப் பெயரையும் புதுப் பதிவு எண்ணையும் அடித்தால் போதும். அன்புசெல்வி சேர்ந்த அன்று திரையில் திறந்திருந்தவள் அனைஸ்.

அனைஸ் அதே வகுப்புதான். கப்ஸ் கோயில் என்கிற பழைய சர்ச்சுக்குப் பக்கத்தில் வீடு. தாத்தா காலத்திலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம், அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அன்புசெல்வியும் அவளும் முதல் இரண்டு மாதம் பேசிக்கொண்டதுகூட இல்லை.

முதலில் நூலகத்தில்தான் தெரிந்தது. அன்புசெல்வி ஒரு புத்தகம் கேட்டாள். நீ ஏற்கனவே மூன்று எடுத்திருக்கிறாய், அதற்கு மேல் கிடையாது என்றார்கள். அவள் நூலகத்துக்குள் வந்ததே அன்றுதான். மூன்றும் அனைஸின் மேசையில் இருந்தன. அனைஸ் நல்ல பெண். "பர்தோன், எனக்குத் தெரியாது," என்று சொல்லி ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாள். உடனே அன்புசெல்விக்குப் புத்தகம் கிடைத்தது.

அடுத்து அன்புசெல்விக்கு அம்மை போட்டது. பதினைந்து நாள் வரக் கூடாது என்று மகாமேருவில் குறித்தார்கள். மறுநாள் காலையில் கல்லூரி வாசலில் அனைஸ் விரலை வைத்தாள். கதவு திறக்கவில்லை. தொற்றுநோயாளி என்று திரையில் வந்தது. காவலாளி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நாலடி பின்னால் போனார். அனைஸ் கையைக் காட்டினாள், கழுத்தைக் காட்டினாள், ஒரு கொப்புளம்கூட இல்லை என்று தமிழிலும் பிரெஞ்சிலும் சொன்னாள். கொப்புளம் கணக்கில்லை என்றார் காவலாளி. பதினைந்து நாள் அவள் வீட்டில் இருந்தாள். வேப்பிலைக்கு நடுவில் படுத்திருந்த அன்புசெல்விக்கு அவள் போன் செய்து, "உனக்குச் சீக்கிரம் நல்லாகணும், எனக்காகவாவது," என்றாள். அதிலிருந்து இரண்டு பேரும் சிநேகிதிகள்.

பிப்ரவரியில் அனைஸுக்கு லியோனில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. டிசி வாங்கிக்கொண்டு, எல்லாரையும் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, விமானம் ஏறிப் போனாள்.

மறுநாள் வாசலில் அன்புசெல்வி விரலை வைத்தாள். 'விலகியவர்' என்று வந்தது. துடைத்துவிட்டு வைத்தாள். விலகியவர். காவலாளிக்குத் தெரியாமல் கதவிடுக்கு வழியாக உள்ளே நுழைந்து நேராக அலுவலகத்துக்கு ஓடினாள்.

"உனக்குத்தான் டிசி குடுத்தாச்சேம்மா," என்றார் சுலோசனா அம்மாள்.

"நான் கேக்கவே இல்லையே மேடம்."

"கேக்காம குடுப்பமா? இதோ பாரு, கையெழுத்து இருக்கு."

"இது அனைஸ் கையெழுத்து."

"இருக்கட்டும். உன் பதிவுலதான இருக்கு."

"நான் இங்க நிக்கறேன் மேடம்."

"நிக்காத. வெளியாளுங்க கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிக்கணும்," என்றார் சுலோசனா அம்மாள். குரலில் கோபம் இல்லை, விதியைத்தான் சொன்னார்.

ஆய்வகத் தேர்வுக்கு இருபத்தோரு நாள் இருந்தது. விலகியவருக்கு ஹால் டிக்கெட் கிடையாது. அன்புசெல்வி மனுக் கொடுத்தாள். மனுவை மாணவர்கள் மட்டுமே கொடுக்கலாம் என்று திரும்பி வந்தது. அனைஸ் லியோனிலிருந்து ஒரு மெயில் போட்டாள், அந்த டிசி என்னுடையது, நான்தான் வாங்கினேன் என்று. 'தாங்கள் தற்போது எம் கல்லூரி மாணவி அல்லர். ஆகவே தங்கள் மெயிலைக் கருத்தில் கொள்ள இயலாது. தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்' என்று பதில் போனது.

கடைசியில் விசாரிக்க ஒரு கமிட்டி போட்டார்கள். பன்னிரண்டாம் நாள் பஸ் நிறுத்தத்தில் கவிநிலா அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உன்னைத் தனியா உண்டாக்கவே இல்ல அன்பு. உன் பேரும் நம்பரும் வெளிய இருக்கு. அது பின்னால இருக்கற பொட்டி அனைஸோடது. ஏழாம் பயிற்சிதான் இது. பிரதி எடுக்கறேன்னு அவரு சமக்குறி போட்டு வச்சிட்டாரு. அதுல புதுசா ஒண்ணும் வராது. இருக்கற ஒண்ணுக்கே இன்னொரு பேரு, அவ்ளோதான்."

"இத கமிட்டில சொல்லுவீங்களா மேடம்?"

கவிநிலா விழுப்புரம் பஸ் வருகிறதா என்று பார்த்தார். "என் கான்ட்ராக்ட் மே மாசம் முடியுது," என்றார்.

கமிட்டி பதினைந்தாம் நாள் கூடியது. உண்மை கண்டறியும் உயர்மட்டக் குழு என்று பெயர். கல்லூரி முதல்வர், புருஷோத்தமன், சுலோசனா அம்மாள், முந்திரிப்பருப்பு ஒரு தட்டு. அன்புசெல்வி நின்றாள். வரலட்சுமி மார்க்கெட்டிலிருந்து பாதியில் வந்திருந்தாள், அவளைக் கதவுக்கு வெளியே உட்காரச் சொன்னார்கள். ஜன்னல் வழியாக வகுப்புப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

முதல்வர் மோசமான மனிதர் இல்லை. அன்புசெல்வியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பொண்ணு இங்க நிக்குதே சார், அப்புறம் எப்படி விலகியிருக்கும்?" என்று கேட்டார்.

"நிற்பது சான்று ஆகாது ஐயா," என்றார் புருஷோத்தமன். அவர் உட்கார்ந்திருக்கும்போதும் மேடையில் பேசுவது போலத்தான் பேசுவார். "வாசல் இயந்திரம் இவரை ஏற்கவில்லை. அது ஏற்காதவர் உள்ளே வந்திருக்கிறார் என்றால் அது அத்துமீறல். அதைப் பெருந்தன்மையோடு விட்டுவிடுகிறேன். இந்தப் பெண் என்ன சொல்கிறார்? இவரும் விலகிப்போன மாணவியும் மகாமேருவில் ஒன்றாக இருக்கிறார்களாம். மகாமேருவை எழுதியவன் நான். கையேட்டைப் பார்த்துத்தான் எழுதினேன். சமக்குறி போட்டால் தனிப்பிரதி உண்டாகும் என்று கையேட்டில் இருக்கிறது. கையேட்டை எழுதியவனும் நான்தான். இரண்டு ஆதாரங்கள் ஒன்றையே சொல்லும்போது மூன்றாவது எதற்கு?"

"கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்தா சைபர் வருது சார்," என்றாள் அன்புசெல்வி. "அ-வும் ஆ-வும் ஒண்ணுதான் சார். ஒருத்தருக்கு ஆவறது இன்னொருத்தருக்கும் ஆவுது."

புருஷோத்தமன் சிரித்தார்.

"கணினி ஒரு இயந்திரம், அம்மா. அது எதை வேண்டுமானாலும் சொல்லும். பதினைந்து வருடத்தில் மூவாயிரத்துச் சொச்சம் மாணவர்கள் தொண்ணூறு என்று எழுதியிருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் நான் பச்சைக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தரமதிப்பீட்டுக் குழு வந்து அந்த நோட்டுகளைப் புரட்டிப் பார்த்து, அட்டை போட்ட அழகைப் பாராட்டிவிட்டுப் போயிருக்கிறது. அவர்கள் ஒரு நிரலையாவது ஓட்டிப் பார்த்தார்களா? இல்லை. ஏன்? நம்பிக்கை. சைபர்தான் விடை என்று இன்று நான் ஒப்புக்கொண்டால் மூவாயிரம் பேர் தேறியது என்ன ஆவது? என் பதவி உயர்வு என்ன ஆவது? ரெக்கார்டு என்பது நடந்ததை எழுதுவது என்று நினைத்துவிட்டார் இந்தப் பெண். நடந்தது யாருக்கு வேண்டும்?"

முதல்வர் முந்திரியை மென்றபடி தலையசைத்தார். அவர் சிவில் துறையைச் சேர்ந்தவர்.

கடைசியில் முதல்வரே ஒரு வழி சொன்னார். பழைய பதிவைத் தொட முடியாது. ஆனால் விலகியவர் திரும்பச் சேரலாம். அதற்கு ஓர் உறுதிமொழிக் கடிதம் கொடுக்க வேண்டும். கடிதத்தைப் புருஷோத்தமனே சொல்லச் சொல்லச் சுலோசனா அம்மாள் எழுதினார். ஒன்று, நான் என் சொந்த விருப்பத்தின் பேரில் கல்லூரியை விட்டு விலகினேன். இரண்டு, ஆ என்பது அ-வின் தனிப்பிரதி என்பதைக் கையேட்டின்படி முழு மனதோடு ஏற்கிறேன். மூன்று, என் பதிவு எவ்வாறு உண்டாக்கப்பட்டது என்பதைப் பற்றி எவரிடமும் பேச மாட்டேன், பேசினால் நிரந்தரமாக விலக்கப்படுவேன்.

அன்புசெல்விக்கு அதைக் கிழித்து அவர் மூஞ்சியில் எறிய வேண்டும் போல இருந்தது. கதவிடுக்கில் அம்மாவின் புடவை நுனி தெரிந்தது. விற்காத வஞ்சிரத்தை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு வந்தவள். அன்புசெல்வி கையெழுத்துப் போட்டாள்.

"மேடம், என்னைத் தனியா டைப் பண்ணிப் போட்டுடுங்க மேடம்," என்று அலுவலகத்தில் அவள் கெஞ்சினாள். "நாப்பத்திநாலு கட்டத்தையும் நானே அடிச்சிக் குடுக்கறேன்."

"வெளியாளுங்க கம்ப்யூட்டரத் தொடக் கூடாது," என்று சொல்லிக்கொண்டே சுலோசனா அம்மாள் பொத்தானை அழுத்தினார். ஒரே ஒரு தடவைதான் அழுத்தினார். "ஆச்சு. ஹால் டிக்கெட் நாளைக்கு வந்து வாங்கிக்க."

"யாருதுலருந்து மேடம்?"

"இப்பத்தான் பஸ் பாஸுக்கு ஒருத்தன் வந்தான், அவந்துதான் தொறந்திருந்திச்சி." கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையைப் படித்தார். "இருசப்பன்."

இருசப்பன் வீராம்பட்டினம். கடைசி பெஞ்சு. அவன் அண்ணனுடைய ஃபைபர் போட்டில் ஆள் குறைந்தால் அன்று அவனுக்குக் கல்லூரி கிடையாது. இந்த வருடம் முப்பது நாளாவது குறைந்திருக்கும். இவனுடைய வருகை இனி அவளுடைய வருகை. இவன் போட்டில் ஏறினால் அவளும் கடலில்தான். அன்புசெல்வி அலுவலக வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். ஐந்து நிமிடத்துக்கு மேல் அழ நேரமில்லை. தேர்வுக்கு ஆறு நாள்தான் இருந்தது.

அந்த ஆறு நாளும் அவள் இருசப்பனைக் காவல் காத்தாள். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வீராம்பட்டினம் போய் அவன் வீட்டு வாசலில் நின்றாள்.

"யாரு இது?" என்றாள் அவன் அண்ணி.

"கூடப் படிக்கிறேன். இருசப்பன கடலுக்கு அனுப்பாதீங்க அண்ணி. பரிச்ச வருது."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். இருசப்பன் பல் விளக்கிக்கொண்டே வந்து பேந்தப் பேந்த விழித்தான். அவனிடம் ரெக்கார்டு நோட்டே இல்லை. ரெக்கார்டு இல்லாதவனைத் தேர்வுக்கு விட மாட்டார்கள். அன்புசெல்வி புது நோட்டு வாங்கி, பன்னிரண்டு பயிற்சிகளையும் நீல மையிலும் பென்சிலிலும் எழுதி, அட்டை போட்டு, அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்துகளும் வாங்கினாள். ஏழாம் பயிற்சியில் தொண்ணூறு என்றே எழுதினாள். அவன் தும்மினால் மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். ஹெல்மெட் இல்லாமல் வண்டியில் போகாதே என்றாள்.

"ஏன் அன்பு எனக்கு இவ்ளோ பண்ற?" என்று நான்காம் நாள் அவன் கேட்டான்.

சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் துடித்தது. கடிதத்தின் மூன்றாம் வரி நினைவுக்கு வந்தது. "சும்மாதான்," என்றாள். அதற்கு அவன் தானாக ஒரு காரணம் வைத்துக்கொண்டான். இருபது வயதில் எல்லா ஆண்களும் வைத்துக்கொள்ளும் அதே காரணம்தான். அன்றிலிருந்து தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தான்.

தேர்வன்று ஒரு புதுச் சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. வழக்கமாகச் சீட்டு எடுத்து, வருகிற பயிற்சியைச் செய்ய வேண்டும். இந்த வருடம் சீட்டு கிடையாது. சில விஷமிகள் கையேட்டின் மீது ஐயம் கிளப்பியிருப்பதால் அனைவருக்கும் ஏழாம் பயிற்சியே தரப்படும் என்று இருந்தது. மதிப்பெண்களை உடனுக்குடன் மகாமேருவில் ஏற்றி, தாழ்வாரத் திரையில் காட்டுவார்கள்.

அன்புசெல்வி காலைப் பிரிவு. இருசப்பன் மதியப் பிரிவு. அவள் உள்ளே போகும் முன் அவனைத் தேடிப் பிடித்தாள்.

"கையேட்டுல இருக்கறத அப்படியே எழுதிடு இருசப்பா. தொண்ணூறு. வேற ஒண்ணும் எழுதாத."

"நீ கவலப்படாத, நான் பாத்துக்கறேன்," என்றான் அவன்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளருக்கு இளநீரும் ஏலக்காய் டீயும் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் புருஷோத்தமன். அன்புசெல்வி விடைத்தாளில் தொண்ணூறு என்று எழுதினாள். கணினி சைபர் என்று காட்டியது. தேர்வாளர் திரையைப் பார்க்கவில்லை. புருஷோத்தமன் விடைத்தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இப்போது புரிகிறதா?" என்றார்.

"புரியுது சார்," என்றாள்.

பன்னிரண்டு மணிக்குத் தாழ்வாரத் திரையில் அவள் பெயருக்கு எதிரே நாற்பத்தெட்டு என்று வந்தது. ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு. அதே நொடியில் இருசப்பன் பெயருக்கு எதிரேயும் நாற்பத்தெட்டு வந்தது. அவன் அப்போது கேண்டீனில் புரோட்டா தின்றுகொண்டிருந்தான், தேர்வு எழுத இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. கூட்டத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கவனித்த கவிநிலா கைப்பேசியை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டார்.

அன்புசெல்வி அம்மாவுக்குப் போன் போட்டு, "பாஸும்மா," என்றாள். மார்க்கெட் இரைச்சலில் வரலட்சுமி இரண்டு தடவை கேட்டாள். மிச்சமிருந்த நெத்திலியைப் பக்கத்துக் கடைக்காரிக்குச் சும்மாவே கொடுத்துவிட்டதாகப் பிற்பாடு சொன்னாள்.

அன்புசெல்வி வீட்டுக்குப் போகவில்லை. மதியம் முழுக்க ஆய்வகத்துக்கு வெளியே தூணில் சாய்ந்து நின்றாள். இருசப்பன் உள்ளே போவதைப் பார்த்தாள். இனி ஆவதற்கு ஒன்றுமில்லை, எழுதிவிட்டு வந்துவிடுவான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சாப்பிட்டிருக்கவில்லை. பசிக்கவும் இல்லை.

நாலு மணிக்கு அவன் வெளியே வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. நேராக அவளிடம் வந்தான்.

"எழுதிட்டேன் அன்பு."

"தொண்ணூறுதான?"

"சைபர்னு எழுதிட்டேன்." அவனுக்கு மூச்சு வாங்கியது. "கீழ காரணமும் எழுதினேன். பேரு ரெண்டு, ஆளு ஒண்ணு, ஒருத்தருக்கு இன்னா ஆவுதோ அதான் இன்னொருத்தருக்கும் ஆவும்னு எழுதினேன். அன்னிக்கி கமிட்டில நீ சொன்னியே, அதேதான். ஜன்னல்ல நின்னு கேட்டுனு இருந்தேன். நீ ஒண்டியா நின்ன. ஒருத்தனும் வாயத் தொறக்கல, நானும் தொறக்கல. அப்புறம் நீ எனக்கு ரெக்கார்டெல்லாம் எழுதிக் குடுத்த. எனக்கு மனசு கேக்கல."

அவள் தூணிலிருந்து நிமிர்ந்தாள்.

"புருஷோத்தமனுக்கு மூஞ்சி செவந்து போச்சி. சைபரா வேணும், இந்தா சைபர்னு போட்டுட்டாரு. போட்டா போவட்டும். நான் எப்படியும் இந்த வருசத்தோட நின்னுட்டு அண்ணன் போட்டுக்குதான் போவப்போறேன், எனக்கு மார்க்கு எதுக்கு? உனக்கு நாப்பத்தெட்டு வந்துடிச்சி. இனிமே உன்ன ஒண்ணும் பண்ண முடியாது, அத நெனச்சிதான் தைரியமா எழுதினேன்."

அவன் தோளுக்குப் பின்னால் தாழ்வாரத் திரை தெரிந்தது. அவள் பெயருக்கு எதிரே இருந்த நாற்பத்தெட்டு இல்லை. அங்கே சைபர் இருந்தது. அவன் பெயருக்கு எதிரேயும் சைபர் இருந்தது. அவள் மறுபடி ஒருமுறை படித்தாள். தூணைப் பிடித்துக்கொண்டாள். அவனை அறைய வேண்டும் என்று தோன்றியது. அவன் இவ்வளவு நாளில் அவளுக்காக வாயைத் திறந்த ஒரே ஆள் என்பதும் தோன்றியது.

"இன்னா அன்பு?" என்றான் அவன். "நான் எழுதினது தப்பா?"

"இல்ல இருசப்பா," என்றாள் அன்புசெல்வி. "நீ எழுதினதுதான் சரி."